பின் இருக்கை

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டு மணிக்கு
கேரட் கழுவும் மெஷின் நின்றுவிட்டது.
பெல்ட் அறுந்திருக்கிறது.
மெக்கானிக் ஊட்டியிலிருந்து வர வேண்டும்,
அதற்கு முன் அவன் கண் விழிக்க வேண்டும்.

நெற்றி டார்ச்சுகளை அணைத்துவிட்டு
மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம்.
உறைபனி விழும் மாதம்.
பேசாமல் இருந்தால் விரல் மரத்துவிடும் என்று
ஜோகிதான் ஆரம்பித்தான்:
ஆளுக்கொரு படம் சொல்லணும்,
உசுரா நெனைக்கிற படம்,
ஏன்னும் சொல்லணும்.

அவனே முதல்.
குன்னூருக்குப் போகிற வழியில் மண் சரிந்து
இடைவேளை முடிந்துதான் தியேட்டருக்குள் நுழைந்தானாம்.
திரையில் ஒருவன்
ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்து அழுகிறான்.
யார் செருப்பு அது?
இருபத்திரண்டு வருடமாக யோசிக்கிறான்.
"டிவியில போட்டா ஆஃப் பண்ணிருவேன்.
தெரிஞ்சுபோச்சுன்னா வெறும் செருப்பாயிரும்."

யோகராணி அக்காவுக்குப் பேய்ப்படம்.
கல்யாணமான ஏழாம் நாள், கோத்தகிரியில்.
கதவு கிறீச்சிட்டதும் அவர் இவள் கையை
நகம் பதியப் பிடித்தாராம்.
"பயந்தது அவரு, நான் இல்ல.
அப்புறம் அந்த மனுசன்
எதுக்கும் பயந்து நான் பாக்கல.
கொஞ்சம் பயந்திருக்கலாம்."

ஜார்க்கண்ட் பையன் புத்ராம்
ஒரு சண்டைப் படம் சொன்னான்.
சண்டைக்காக இல்லை.
அதில் வில்லன் உட்கார்ந்து சாப்பிடுகிறான்,
தட்டு நிறையச் சோறு, அவசரமே இல்லாமல்.
"அவன் ரொம்ப நல்லா சாப்புடுது" என்றான்.
சிரித்தோம்.
சிரித்து முடித்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் முறை.
ஒரு வாரம்கூட ஓடாத படம் ஒன்றின் பெயரைச் சொன்னேன்.
"அதுவா! அதுல என்ன இருக்கு?"
பாட்டு நல்லாருக்கும், என்றேன்.

பாட்டு நன்றாகவே இருக்காது.
கதாநாயகி ஜன்னலோரம் அழுதுகொண்டு
மழையில் மஞ்சூர் பஸ்ஸில் போவாள்.
நிஜமான பஸ்.
பயணிகளை இறக்காமலே படம் பிடித்தார்கள்,
துணை நடிகர் கூலி மிச்சம்.
அவளுக்குப் பின் இருக்கையில்
பிரவுன் ஸ்வெட்டர் போட்டு,
வாய் லேசாகத் திறந்து
ஒருவர் தூங்குகிறார்.
எங்கப்பா.

பகலெல்லாம் தோட்டத்தில் மருந்தடிப்பு,
ராத்திரி ஃபேக்டரி காவல்.
அவர் தூங்கி வீட்டில் யாரும் பார்த்ததில்லை.
நாங்கள் படுக்கும்போது போயிருப்பார்,
எழும்போது போய்க்கொண்டிருப்பார்.
செத்த அன்றைக்கும்
கண்ணை நாங்கள்தான் மூடிவிட வேண்டியிருந்தது.

பதினொரு நொடி.
அவள் கன்னத்தில் கிளிசரின் இறங்கும்போது
ஊரே அவளைப் பார்க்கும்.
நான் அவள் காதுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் பார்ப்பேன்.
கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப
அவர் தலை ஒரு பக்கம் சாயும்,
கம்பியில் இடிக்கும்,
விழிக்க மாட்டார்.
அப்புறம் கதாநாயகன் ஏறுவான்.
இத்தனை பெரிய பஸ்ஸில்
நேரே வந்து அப்பாவை மறைத்து நிற்பான்.
அந்த நடிகனின் எந்தப் படம் ஓடினாலும்
இன்றுவரை எனக்கு வயிறு எரியும்.

போனில் பார்க்கும்போது
சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பேன்.
அவர் எழுந்துவிடக் கூடாது.

"எந்தப் பாட்டுக்கா? ரெண்டு வரி பாடு" என்று
ஜோகி விடாமல் கேட்கும்போதே
மேட்டில் பைக் வெளிச்சம் தெரிந்தது.
மெக்கானிக் மங்கிக் குல்லாவுக்குள்ளிருந்து
எல்லாரையும் திட்டிக்கொண்டே பெல்ட் மாட்டினான்.
தண்ணீர் சீறிற்று.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற லாரி
ஏற்கெனவே இரண்டு தடவை ஹாரன் அடித்தாயிற்று.

புத்ராம் மட்டும் மூட்டையில் சாய்ந்து
தூங்கிப்போயிருந்தான்.
எழுப்பப் போன ஜோகியின் கையைப் பிடித்தேன்.
விடு,
முதல் லோடு போகட்டும்.